நிறுத்தச் சொல்லும் கதிரை

விமானப் பறப்புப் பரிசோதனையில் ஒரு கதிரை உண்டு. அதில் உட்காருகிறவர் "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். விமானம் தரையில் நின்றாலும் சரி, மேகத்துக்குள் இருந்தாலும் சரி, பக்கத்தில் எவ்வளவு பெரிய மனிதர் நின்றாலும் சரி. ஏன், எதற்கு என்று கேட்பதெல்லாம் விமானத்தை இறக்கி வைத்த பிறகுதான். அந்தக் கதிரைக்கு நான் ஒன்பது வருடம் ஆசைப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆசைப்பட்டால் போதுமா? எனக்குக் காது கேட்காது. எங்கள் அரசாங்க ஆராய்ச்சிக் குழுவின் விதிப் புத்தகப்படி, "நிறுத்து" என்பதை வோக்கிடோக்கியில் வாயால்தான் சொல்ல வேண்டும். பதிலைக் காதால்தான் கேட்க வேண்டும். ஆகவே ஒன்பது வருடமும் அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். இறக்கை எவ்வளவு நடுங்குகிறது, வேகம் என்ன, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதெல்லாம் என் திரையில்தான் ஓடும். எல்லை தாண்டினால் நான் விரலைத் தூக்குவேன். அவர் என் விரலைப் பார்த்துவிட்டு "நிறுத்து" என்பார். விரல் என்னுடையது, வாய் அவருடையது, பதவி வாய்க்கு.

ஆள் தங்கமானவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்த விருந்தாளிகள், "சத்தத்த வச்சே இறக்க நடுங்குறதக் கண்டுபுடிச்சிட்டீங்களே, என்னா காது சார் ஒங்களுக்கு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தங்கமானவர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் பழக்கந்தான்" என்றார். நான் பக்கத்தில் விரலை மடக்கி வைத்துக்கொண்டு அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக வந்தது.

நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பிறந்தவள். நாலு வயதில் வந்த காய்ச்சல் என்னை விட்டுவிட்டுக் காதை மட்டும் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக ஆண்டவன் எனக்கு மூளையைக் கொடுத்தாராம். பண்டாரவளை பஸ் கொண்டக்டர் முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை இதைச் சொல்லாத ஆள் கிடையாது. அப்படியொரு பண்டமாற்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. கணக்குப் பாடத்தை இரண்டு மணிவரை விழித்துப் படித்தது நான். பெயர் ஆண்டவனுக்கு.

வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றது அம்மாவிடம். அம்மா கொழுந்து பறித்தவள். லயத்தில் எல்லோர் வாயிலும் வெற்றிலை இருக்கும். வெற்றிலை குதப்புகிற வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியாது. காய்ச்சல் விட்ட மாதமே அம்மா வெற்றிலையை விட்டாள். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையில் நிற்கிற பெண்ணுக்கு அது லேசான காரியமில்லை. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

படிப்பு முடிந்ததும் வெளிநாட்டில் ஒரு காற்றுச் சுரங்கத்தில் நாலு வருடம் வேலை பார்த்தேன். விமானத்தை ஓரிடத்தில் கட்டிவைத்து, அதன்மேல் காற்றைப் பாயவிட்டுச் சோதிக்கிற கூடம் அது. அந்த இரைச்சலில் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு கையால்தான் பேசுவார்கள். அங்கே நான்தான் பேச்சாளி. மற்றவர்கள் திக்குவாய். "அப்படிப்பட்ட இடத்த விட்டுட்டு ஏம்மா வந்தீங்க, ஊர்ப் பாசமா?" என்று கேட்கிறார்கள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது! விசா முடிந்தது, வந்தேன். வந்த இடத்தில் எனக்கு வேலையும் இருந்தது. மொனராகலைப் பக்கத்துச் சமவெளி சூடேறினால் காற்று செங்குத்தாக மலையேறி, அப்புத்தளை விளிம்பில் முட்டி, பைத்தியம் பிடித்ததுபோலச் சுழலும். அந்தச் சுழலுக்குள் பறந்து மலைச்சரிவை அளந்து, மண் எங்கே நகர்கிறது என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய ஆளில்லா விமானத்தைத்தான் எங்கள் குழு செய்துகொண்டிருந்தது. இறக்கையை விரித்தால் ஒரு லயத்து அறை அகலம் இருக்கும். அந்த இறக்கை என் கணக்கு.

போன வருடம் தங்கமானவருக்குக் கொழும்பில் பெரிய பதவி கிடைத்தது. கதிரை காலியானது. நான் விண்ணப்பித்தேன். வோக்கிடோக்கிக்குப் பதிலாக ஒரு சிவப்பு விளக்கு. நான் பொத்தானை அழுத்தினால் விமானியின் கண்முன் அது எரியும், அவள் மணிக்கட்டில் கட்டிய பட்டியும் அதிரும். ஆறு மாதம் சோதித்துக் காட்டியிருந்தேன். தெரிவுக் குழுவின் தலைவராக வந்த அதிகாரி ஒரு தாளில் எழுதிக் கேட்டார்: "விளக்கு எரியாவிட்டால்?" நான் கீழே எழுதினேன்: "வோக்கிடோக்கியில் பட்டரி இறங்கினால்?" அவர் யோசித்துவிட்டு எழுதினார்: "அது வேறு."

எப்படி வேறு என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் பொதுமக்கள் முன்னிலையில் விமானம் முதன்முறையாகப் பறக்க இருந்தது. அந்த ஒரு நாள் நான் கதிரையில் இருக்கலாம். வோக்கிடோக்கிக்குப் பதில் விளக்கு, மற்றதெல்லாம் விதிப் புத்தகப்படி நடத்திக் காட்டினால் கதிரை எனக்கு; ஒரு பிழை வந்தாலும் விண்ணப்பம் குப்பைக்கு.

பறக்க வேண்டிய நேரம் காலை ஏழு. காற்று கிளம்புவதற்கு முன். ஆனால் எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் திறப்பதற்கே பிரதம விருந்தினர் வேண்டுமே, விமானத்துக்கு வேண்டாமா? ஒரு பெரிய அரசியல்வாதி வருவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு அழைத்தால் ஒன்பதரைக்கு வருவதுதான் அவருக்கு மரியாதை. அதுவரை பந்தலுக்குக் கீழே தோட்டமே காத்திருந்தது. என் அம்மாவைப் "பெற்ற தாய்" என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். என்னை மேடைக்கு ஏற்றி, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டார்கள். "இங்கனனா மகளுக்கு நல்லாக் கேக்கும்" என்றார் கோயில் கமிட்டித் தலைவர். காதில் ஒன்றும் விழவில்லை. நெஞ்செலும்பு மட்டும் இரண்டரை மணித்தியாலம் அதிர்ந்தது. பொன்னாடை மூன்று. மூன்றும் ஒரே நிறம்.

விருந்தினர் வந்தார். மாலை விழுந்தது, தேங்காய் உடைந்தது, விமானத்தின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தில் எனக்கு ஆட்சேபனை இல்லை. நசுங்கினாலும் பறப்புக்குக் கெடுதல் கிடையாது. நான் மேடையிலிருந்து இறங்கி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பொத்தான், திரை, விளக்கு எல்லாம் தயார். விமானி இருபது அடி தள்ளி, விமானத்தின் பக்கத்தில், அதைத் தரையிலிருந்தே ஓட்டுகிற பெட்டியோடு நின்றாள். பதுளைச் சிங்களப் பெண்; வளவளவென்று பேசாதவள், என் கைச்சைகைகளை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டவள்.

விமானத்தின் மூக்கில் ஈர்க்கு மொத்தத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சின்ன ஓட்டை. அதற்குள் போகிற காற்றை வைத்துத்தான் விமானம் தன் வேகத்தை அறியும். அது அடைத்துக்கொண்டால், தான் ஓடுகிறோமா நிற்கிறோமா என்று விமானத்துக்கே தெரியாது. வேகம் போதாது என்று நினைத்து மூக்கைத் தரையை நோக்கிக் குத்தும். அதனால்தான் கிளம்பும்வரை அதற்குச் சிவப்புத் துணி உறை போட்டு வைப்போம். கடைசிச் சோதனையில் விமானி அந்தக் குழாயில் காற்றடித்துப் பார்க்க வேண்டும், என் திரையில் எண் ஏற வேண்டும். அடித்தாள். எண் ஏறவில்லை. மறுபடி அடித்தாள். பூச்சியம்.

குழாயின் நுனியைச் சுட்டிக் காட்டினாள். தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். உறையைக் காணோம். குழாயின் நுனியில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், நடுவில் ஒரு அரிசிமணி. என்ன நடந்தது என்பதைப் பிறகு விசாரித்தேன். விருந்தினர் பொட்டு வைக்கக் குனிந்தபோது கோயில் கமிட்டித் தலைவர் உறையைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டிருக்கிறார். "சாமி மொகத்த மூடி வச்சுக்கிட்டா பொட்டு வைப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். 

நான் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விமானி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரி ஓடிவந்தார். "மூக்குக் குழாய் அடைத்திருக்கிறது. கழுவிச் சரிபார்க்க ஒரு மணித்தியாலம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தவருக்கு வேர்த்துவிட்டது. ஐயா வைத்த பொட்டுத்தான் பிழை என்று ஐயாவிடம் யார் சொல்வது? அவர் போய், "ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறுங்க ஐயா" என்றார். "சின்னதுதானே, ஏத்துங்க" என்றார் ஐயா. அடடா, என்ன ஒரு அறிவு!

பிறகு தங்கமானவர் வந்தார். அன்றைக்கு அவரும் விருந்தாளி. "ஒரே ஒரு சுத்து, போட்டோவுக்கு மட்டும்" என்று உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். பிறகு தோட்டத்து மனேஜர் துரை. பிறகு மறுபடி அதிகாரி. விமானம் போக வேண்டிய வழி பந்தலுக்கு மேலாக. பந்தலுக்குக் கீழே முன்வரிசையில் என் அம்மா மடியில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். நான் கண்ணைத் திருப்பி விளக்கைப் பார்த்துக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் என்னோடு யாரும் வாதாட முடியாது. நல்ல காது உள்ளவர்களுக்கு இந்த வசதி கிடையாது, பாவம்.

ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். விருந்தினர் மேடை விளிம்பில் நின்று தன் செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒலிவாங்கியைக் கையால் பொத்தியிருந்தார், யாருக்கும் கேட்கக் கூடாது என்று. தேர்தல் சுவரொட்டிக்காகவே மழமழவென்று மழித்த வாய். வெற்றிலை இல்லை, மீசை இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவான வாயை நான் படித்ததில்லை. கடைசி எழுத்துவரை படித்தேன்.  விளக்கை அணைக்கவில்லை.

அவர் விமானத்தின் இறக்கையில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போனார். சந்தனத்தைக் கழுவி முடிப்பதற்குள் காற்று ஏறிவிட்டது; அன்றைக்குப் பறக்க முடியவில்லை. அடுத்த நாள் காலை ஆறரைக்கு அழகாகப் பறந்தது. பார்த்தது, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களும் இரண்டு நாய்களும். ஆனால் அதற்கு முன்பே ஒரு பத்திரிகையில், பிரமுகர் விமானத்தைப் பறக்கவிட்டு ஆரம்பித்துவைத்தார் என்று படத்தோடு வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பதுளை அலுவலகத்துக்கு அதிகாரி என்னை அழைத்தார். பிளேன்டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். ஒரு தாளைத் தள்ளினார். தட்டச்சு செய்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது: "எனது செவிப்புலன் குறைபாடு காரணமாகப் பிரதம விருந்தினர் அவர்களின் அறிவுறுத்தலைச் சரிவர விளங்கிக்கொள்ள முடியாமற்போனமைக்கு மனம் வருந்துகின்றேன்." அதற்குக் கீழே பென்சிலால் எழுதினார்: "இதில் சைன் வைத்தால் ஐயா மன்னிப்பார், மிஸ். கதிரை உங்களுக்கு." எழுதிவிட்டு என் தோளைத் தட்டினார். மனுசன் உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் கொடுமை.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுக்க நினைத்துக் கேட்டேன் என்று பெருமையடிக்க மாட்டேன். கையெழுத்துப் போடத்தான் நினைத்தேன். ஒன்பது வருடம்! அன்று பின்னேரம் லயத்துக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒரு கையெழுத்துத்தான புள்ள, வச்சிட்டுப் போவியா" என்றாள். "நாங்க வைக்காத கையெழுத்தா, கும்புடாத கும்புடா? எனக்குந்தான் வெளங்கல வெளங்கலன்னு எத்தன தடவ தொரகிட்ட சொல்லியிருக்கேன். வெளங்காமயா சொன்னேன்?"

எனக்குக் கோபம் வந்தது. கடதாசியைப் பறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பதுளை வந்து சேரும்வரை அம்மாவைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் அவள் சொன்னதுதான் தலைக்குள் சுற்றியது. ஒரு தடவை "விளங்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது கோப்பில் இருக்கும். நாளைக்கு நான் கதிரையில் இருந்து விளக்கைப் போடுவேன். யாராவது ஒருவர், "அவங்களுக்கு வெளங்கல, நீ ஏத்து" என்பார். ஏற்றுவார்கள். ஏற்றாமல் என்ன செய்வார்கள், என் கையெழுத்தே சாட்சியாக இருக்கிறதே? கதிரை இருக்கும், நானும் அதில் இருப்பேன், நிறுத்து என்பதற்கு மட்டும் மதிப்பு இருக்காது. அப்படிப்பட்ட கதிரை எனக்கு எதற்கு? வீட்டில் நல்ல கதிரை நாலு இருக்கிறது.

உட்கார்ந்து வேறு கடிதம் எழுதினேன். பறப்புப் பதிவேட்டில் எழுதுகிற அதே முறையில்.

"அவதானித்தவர்: நான். தூரம்: பன்னிரண்டு அடி. வெளிச்சம்: நன்று. வாய்: முழுதாக மழிக்கப்பட்டது, வெற்றிலை இல்லை. விளங்கிய அளவு: முழுவதும். பிரதம விருந்தினர் அவர்கள் தமது செயலாளருக்குக் கூறியது வருமாறு: 'அந்தச் செவிட்டுச் சனியனுக்கு இன்னொரு பொன்னாடையப் போத்தி ஒரு மூலையில ஒக்கார வைங்கய்யா. லயத்துல பொறந்ததெல்லாம் என்னய நிப்பாட்டுன்னு சொல்லுதா? விழுந்தா விழட்டும், போட்டோ வந்தாப் போதும். கீழ இருக்கறது நம்ம ஆளா?' மேற்படி அறிவுறுத்தலை நான் சரிவர விளங்கிக்கொண்டேன். விளங்கியதனாலேயே விளக்கை அணைக்கவில்லை."

கையெழுத்துப் போட்டு, முத்திரை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.  கதிரை போயிற்று என்றுதான் இருந்தேன்.

அங்கேதான் அரசாங்கக் கோப்பின் மகிமை. என்னை நிராகரிக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் என் கடிதத்தை இணைக்க வேண்டும். இணைத்தால் கோப்பு ஏழு மேசை தாண்டிப் போகும். ஏழு மேசையிலும் ஐயாவின் வாய்மொழி வாசிக்கப்படும், பிரதி எடுக்கப்படும். அதிகாரிக்கு ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம் இருந்தது. என்னைத் தெரிவு செய்தால் இணைப்பு எதுவும் தேவையில்லை. திறமைக்காகத் தந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வாரத்தில் நியமனக் கடிதம் வந்தது. ஏற்றுக்கொள்வதாயின் கீழுள்ள இலக்கத்தில் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்துமாறு அடியில் போட்டிருந்தார்கள்.

கடிதத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் மாவுக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, அரசாங்க முத்திரையைப் பார்த்தாள்.

"அப்ப, இனிமே நீ நிப்பாட்டுன்னு சொன்னா நிப்பாட்டிருவாங்களா?"

"நிப்பாட்டணும்."

"தொர நின்னாலும்?"

"தொரயும் நிப்பாட்டணும்."

"அன்னைக்கு வந்தானே, அவன்?"

"அவனுந்தாம்மா."

அம்மா கடிதத்தை மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். மழை என்றாலும், காய்ச்சல் என்றாலும், நான் வயிற்றில் இருந்தபோதும், போதும் நிறுத்து என்று ஒரு ஆளிடம் சொல்லி ஒரு ஆளும் நிறுத்தியதில்லை.

பிறகு எழுந்து போய் லயத்துக் கதவை அகலத் திறந்து வைத்தாள். வாசலில் நின்று என் பக்கம் திரும்பினாள், வாயை நான் பார்க்க வேண்டுமே.

"தொரயும் நிப்பாட்டணும்னு இன்னொருக்கா சொல்லு" என்றாள். "சத்தமாச் சொல்லு புள்ள, லயம் பூராவும் கேக்கட்டும்."

என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சிரித்த நாளிலிருந்து அம்மாவைத் தவிர யார் முன்னாலும் நான் வாய் திறந்து பேசியதில்லை. வாசலில் போய் நின்று சொன்னேன். அடுத்த வீடுகளின் கதவுகள் திறந்தன.